ஒரு நேரத்தில் ஒரு நோய்

அம்மா இறந்த மறு மாதம் கல்லூரி முதல்வர் போன் செய்தார். புதிதாகத் திறக்கப்போகும் பயிற்சிக் கூடத்துக்கு அம்மாவின் பெயரை வைக்கிறார்களாம். விழாவுக்கு நான் வந்து பெயர்ப்பலகையின் திரையை விலக்க வேண்டுமாம்.

"உங்கம்மா இந்த காலேஜுக்காகவே வாழ்ந்தவங்கம்மா. இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

எந்தக் கூடம் என்று கேட்டேன்.

"அதான்ம்மா, பசங்க பழக நோயாளி மாதிரி பொம்மை வாங்கியிருக்கோமே. அந்த லேப்."

அந்தப் பொம்மையைக் காட்டித்தான் அம்மாவின் வியாழக்கிழமை வகுப்பை மூடினார்கள். மூடிவிட்டு, இப்போது பொம்மைக்கு மேலே அவள் பெயரை எழுதப் போகிறார்கள். வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். "அவங்களுக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?" என்றார். பிறகு பேப்பரை எடுத்து மறுபடி விரித்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் திருத்தவில்லை.

அம்மா பிசியோதெரபிஸ்ட். பெரிய பெயர் எடுத்தவள் இல்லை. மாநாட்டு மேடைகளில் ஏறியதில்லை. முதலில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். பிறகு அதை ஒட்டியிருந்த கல்லூரியில் பாடம் எடுக்கப் போனாள். ஓய்வு பெறும் வயது தாண்டியும் கூப்பிட்டதால் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய கட்டைவிரல்கள் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். ஆயிரம் முதுகுகளை அழுத்திய விரல்கள். வீட்டில் திறக்க வராத மூடி எதுவானாலும் அவளிடம்தான் போகும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளிடம் ஒரு தபால்காரரை அனுப்பினார்கள். சைக்கிளிலிருந்து விழுந்து கணுக்கால் பிசகி, வீக்கம் வடிந்த பிறகும் வலி விடவில்லை. சீட்டில் 'கணுக்கால்' என்று மட்டும் எழுதியிருந்தது. அம்மா சூட்டு ஒத்தடப் பையைத் துணியில் சுற்றி வைத்தாள்.

"சூடு தெரியுதா?"

"தெரியலைம்மா."

துணியில் ஒரு சுற்றைக் குறைத்தாள். "இப்போ?"

"ம்ஹூம்."

இன்னொரு சுற்றையும் எடுத்தாள். பையை விலக்கியபோது தோல் கொப்பளித்திருந்தது. அவருக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சி எப்போதோ போய்விட்டது. கணுக்காலுக்கு வந்தவரிடம் சர்க்கரையைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கும் தோன்றவில்லை.

புண் ஆற மாதங்கள் ஆயின. அவருக்குக் கட்டுப் போடும்போதெல்லாம் அம்மா அந்த அறைக்குப் போய் நின்றிருக்கிறாள். ஒருநாள் அவரே சொன்னாராம்: "விடும்மா. உனக்குக் கணுக்காலைத்தானே காட்டுனாங்க. என்னைக் காட்டலையே."

இதை அம்மா ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள் சொல்வாள். கொப்பளத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் பாடம். சக ஆசிரியர் ஒருவர், "பசங்க முன்னாடி நம்ம மரியாதை என்னங்க ஆகும்?" என்று கேட்டிருக்கிறார். "மரியாதை போனா கட்டுப் போட வேண்டாம் சார்" என்றாளாம் அம்மா.

பிசியோதெரபி மாணவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. ஒருவர் உடம்பில் ஒருவர் பழகுகிறார்கள். இருபது வயது முழங்கால்கள். மடக்கு என்றால் மடங்கும், நீட்டு என்றால் நீளும். எலும்பும் தசையும் புத்தகத்தில் போட்ட இடத்திலேயே இருக்கும். அதன் பிறகு தேர்வு. அம்மாவின் கல்லூரியில் செய்முறைத் தேர்வுக்கு வருடா வருடம் ஒரே முதுகுவலிக்காரர்தான் வருவார். எங்கே தொட்டால் 'ஆ' சொல்ல வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். பயந்த பிள்ளை யாராவது வந்தால் தொடுவதற்கு முன்பே 'ஆ' என்று சொல்லி உதவுவார். அவர்மேல் தப்பில்லை. அவரை வைத்துத் தேறி வெளியே போகிறவர்களிடம் நாளைக்கு யார் வருவார்கள்? பக்கவாதமும் கண்புரையும் சேர்ந்தவர்; முட்டி தேய்ந்து மூச்சும் வாங்குகிறவர்; காது கேட்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர். அவர்களுக்குப் புத்தகத்தில் தனி அத்தியாயம் கிடையாது.

அதனால்தான் அம்மா வியாழக்கிழமை வகுப்பைத் தொடங்கினாள். ஒன்றுக்கு மேல் தொல்லை உள்ளவர்களை மட்டும் அழைப்பாள். என்ன நோய் என்று மாணவர்களிடம் சொல்ல மாட்டாள். வகுப்புக்கு ஒரே சட்டம்: கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வந்திருப்பவர் யார், எங்கே குடியிருக்கிறார், என்ன வேலை செய்கிறார், உடம்பில் வேறு என்னென்ன இருக்கிறது என்பதெல்லாம் தெரிகிற வரை தொடக்கூடாது. மாணவர் எதைச் சொன்னாலும் அம்மா கேட்பது ஒன்றுதான்: "வேற என்ன?" அவளுக்குப் பட்டப்பெயரே 'வேறென்ன மேடம்'.

வீட்டிலும் அப்படித்தான். அப்பா தலைவலி என்றால், "வேற என்ன?" அப்பா கத்துவார்: "தலை வலிக்குது, அவ்வளவுதான்! வேற என்ன வேணும் உனக்கு, காலையும் உடைச்சுக்கட்டுமா?"

ஒரு வியாழக்கிழமை நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்திருந்தார். ஒரு பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"சார், கையைத் தூக்குங்க."

"எந்தக் கையைத் தம்பி? வேலை செய்யறது ஒண்ணு, சும்மா தொங்கறது ஒண்ணு."

வகுப்பு சிரித்தது. பையன் அம்மாவைப் பார்த்தான். "மேடம், இடது பக்கம் பக்கவாதம். நடைப் பயிற்சி கொடுக்கலாம்."

"வேற என்ன?"

"சுகர் இருக்கு மேடம்."

"வேற என்ன?"

"பார்வை கம்மி. கோபம் வருது."

"கோபத்தையும் எழுது. வேற என்ன?"

"வேற ஒண்ணுமே இல்லை மேடம்!"

டிரைவர் ஊன்றுகோலைத் தரையில் தட்டினார். "டேய், நான் மூணாவது மாடியில குடியிருக்கேன்டா. நீ இங்க சமதரையில நடக்க விட்டு என்ன பண்ணப் போற? வாசல்ல கூடாரம் போட்டுத் தரப் போறியா?"

அவருக்குப் பிறகு தையற்கார அக்கா. சின்ன வயதில் போலியோ வந்த கால். இரும்புச் சட்டம் மாட்டி ஊன்றுகோலோடு நடப்பவர். ஒரு காது கேட்காது. மூன்று பேர் மாறி மாறி அந்த மெலிந்த காலைப் பற்றியே கேட்டார்கள். அக்கா பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்துவிட்டுக் கடைசியில், "எல்லாரும் என் கெட்ட காலையே பாக்குறீங்க கண்ணுங்களா. வலி நல்ல கால்லதான்" என்றார். இத்தனை வருடம் இரண்டு காலின் பாரத்தையும் சுமந்து அந்த முழங்கால் தேய்ந்திருந்தது.

நான் லிஃப்ட் பராமரிப்பு இன்ஜினியர். என் தொழிலிலும் இதுதான் கதை. லிஃப்ட் நின்றுவிட்டால், புதிதாக வேலைக்கு வந்தவன் கண்ணில் படும் முதல் பழுதைச் சரிசெய்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவான். அதன் பின்னால் ஒளிந்திருந்த இரண்டாவது பழுது அடுத்த நாள் ஆளை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கும். வகுப்பு முடிந்து வரும்போது இதைச் சொன்னேன். அடுத்த வாரமே மாணவர்களிடம் சொல்லியிருக்கிறாள். "என் பொண்ணு சொன்னா" என்று சேர்த்துத்தான்.

முதல்வருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'சதவீதம்'. தேர்ச்சி சதவீதம் என்ற சொல் இல்லாமல் அவரால் காலை வணக்கம்கூடச் சொல்ல முடியாது. அம்மாவைவிட வயதில் இளையவர். ஒருநாள் அம்மாவை அழைத்துப் போகக் கல்லூரிக்குப் போனபோது அவர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது.

"மேடம், பரீட்சையில ஒரு பேஷண்டுக்குப் பத்து நிமிஷம். உங்க வியாழக்கிழமைப் பசங்க பத்து நிமிஷமும் கேள்வியே கேக்குறாங்க. கையே வைக்கலைன்னு எக்ஸாமினர் ஃபெயில் போடுறார்."

"எங்க கை வைக்கக்கூடாதுன்னு பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சா அதுக்கு மார்க் இல்லையா?"

"இல்லை மேடம். மார்க் ஷீட்ல அதுக்குக் கட்டம் இல்லை."

"அப்போ கட்டத்தைப் போடச் சொல்லுங்க."

"நீங்க சொல்லலாம். எனக்குச் சதவீதம் இருக்கே."

அடுத்த பருவத்தில் கல்லூரி லிஃப்ட் நின்றது. வகுப்பு நடந்தது இரண்டாவது மாடியில். நோயாளிகளால் ஏற முடியாததால் வியாழக்கிழமை வகுப்பு 'தற்காலிகமாக' நிறுத்தப்பட்டது. அம்மா தரைத்தளத்தில் ஓர் அறை கேட்டாள். இல்லை என்றார்கள். நான் போய் லிஃப்டைப் பார்த்தேன். கதவுப் பூட்டில் மின்சாரம் தொடும் முனை தேய்ந்திருந்தது. அரை நாள் வேலை. கூலி வேண்டாம், நானே செய்து தருகிறேன் என்றேன். வெளியாள் கைவைக்க விதி இல்லை என்றார் முதல்வர்.

"அவங்களுக்கு லிஃப்ட் ஓடாதது பிரச்சினை இல்லைடி. ஓடினாத்தான் பிரச்சினை" என்றாள் அம்மா.

பிறகு பொம்மை வந்தது. இனி நோயாளிகள் எதற்கு என்று வகுப்பை மூடியேவிட்டார்கள். அம்மா கல்லூரிக்குப் போவதை நிறுத்தினாள்.

இருமல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்குப் புற்றுநோய் என்றார்கள். கண்டுபிடித்தபோது விலா எலும்புகள் வரை பரவியிருந்தது. சளியும் கட்டியிருந்தது. அவள் வேலை பார்த்த அதே வார்டில், சன்னலோரக் கட்டில். ஒரு காலையில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி வந்தாள். கடைசி வருட மாணவி. பொம்மை வந்த பிறகு படித்த செட். அம்மா யாரென்று அவளுக்குத் தெரியாது.

"அம்மா, கொஞ்சம் திரும்பி உக்காருங்க. சளி வெளியே வர முதுகுல தட்டணும்."

உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு, தட்டத் தயாராகக் கையை ஓங்கினாள். நான் எழுவதற்குள் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அந்த வளைந்த கட்டைவிரலால்.

"எனக்கு என்னன்னு தெரியுமா கண்ணு?"

"செஸ்ட் கேஸ்னு எழுதியிருக்கும்மா."

"வேற என்ன?"

பெண் கட்டிலில் தொங்கிய சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"விலா எலும்பெல்லாம் அரிச்சிருக்கு. நீ தட்டினா முறியும். சளிக்கு வந்தவகிட்ட எலும்பைப் பத்தி யாரு கேப்பான்னு நினைக்காத. நீதான் கேக்கணும். கையைப் பின்னாடி கட்டு."

பெண் கட்டினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. "எங்களுக்குப் பொம்மையிலதான்ம்மா சொல்லிக் குடுத்தாங்க."

"அழாத. உன்மேல எனக்குக் கோபம் இல்லை." அம்மா மூச்சு வாங்கினாள். "உன்னை இப்படி அனுப்பினவங்க மேலதான். அவங்ககிட்டப் போய்ச் சண்டை போட இப்போ எனக்குத் தெம்பில்லை, அதனால நீ இங்கயே கத்துக்கோ. கேளு."

அன்று அந்தப் பெண் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தினமும் வந்தாள். வியாழக்கிழமை வகுப்பைப் பற்றியும் அம்மா அவளுக்குச் சொன்னாள். தட்டாமல், சாய்த்து உட்கார வைத்து, மூச்சுப் பயிற்சி மட்டும் கொடுத்தாள். அம்மா போன அன்று காலையிலும் வந்தாள். கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சன்னலோரம் நின்றாள். அம்மா உயிரோடு இருந்தால் 'நல்லா நிக்கிறா' என்றிருப்பாள்.

எனக்குக் கோபம் போகவில்லை. ஓங்கிய அந்தக் கை கண்ணை விட்டு அகலவில்லை. என் அம்மா அதைப் பிடித்து நிறுத்திவிட்டாள். நிறுத்தத் தெரியாத எத்தனை பேர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்?

விழாவுக்கு முந்தின வாரம் முதல்வர் மறுபடி போன் செய்தார். "அம்மாவோட பழைய பேஷண்ட்ஸ் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்கம்மா. போட்டோவுக்கு நல்லாருக்கும்."

டிரைவரிடம் சொன்னேன். "டாக்டரம்மா பேரைப் போடுறாங்களா? மூணு மாடி தவழ்ந்தாவது இறங்கி வரேன்" என்றார். தையற்கார அக்கா அந்த நாளுக்கென்றே ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டார்.

நான் முன்னதாகப் போனேன். கூடம் அதே இரண்டாவது மாடியில். லிஃப்ட் கதவு தெரியாதபடி அதன் மேலேயே விழாவின் ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டியிருந்தார்கள். பேனரில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஓடாத லிஃப்டை என் அம்மாவின் முகத்தை வைத்து மறைத்திருந்தார்கள்.

மேலே பொம்மை படுத்திருந்தது. பளபளவென்று, வியர்க்காத தோல். பக்கத்தில் ஒரு திரை. அதில் பக்கவாதம், முழங்கால், நுரையீரல் என்று பொத்தான்கள். விற்ற கம்பெனியின் ஆள் விளக்கினார். பக்கவாதத்தை அழுத்தினார். பொம்மையின் இடது கை துவண்டு விழுந்தது.

"இதோட மூச்சுத்திணறலையும் சேருங்க" என்றேன்.

நுரையீரலை அழுத்தினார். நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. இடது கை தானாகவே குணமாகி எழுந்துகொண்டது.

"ஒரு நேரத்துல ஒண்ணுதான் மேடம்."

"ஒரே ஆளுக்கு ரெண்டும் இருந்தா?"

அவர் யோசித்தார். "ரெண்டு பொம்மை வாங்கணும் மேடம்."

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை.

விழா தொடங்கியது. நாற்காலிகள் நிறைந்தன. டிரைவரைக் காணோம், அக்காவைக் காணோம். முதல்வரிடம் கேட்டேன்.

"வந்துட்டாங்கம்மா. கீழே சேர் போட்டு உக்கார வெச்சிருக்கோம். ஸ்பீக்கர் வெச்சிருக்கு, எல்லாம் கேக்கும். போட்டோவை அப்புறமா கீழே போய் எடுத்துக்கலாம். நீங்க திரையை விலக்குங்க."

விலக்கினேன். கைதட்டினார்கள். சுவரில் பித்தளைப் பலகை, அதில் அம்மாவின் பெயர். நான்கு மூலையிலும் திருகாணி.

திருப்புளி இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. பையிலிருந்து எடுத்தேன். முதல் திருகாணி கழன்று வரும்வரை யாருக்கும் புரியவில்லை.

"என்னம்மா பண்றீங்க?"

"கழட்டுறேன் சார்."

"விழா நடக்குதும்மா!"

"நடக்கட்டும். என் அம்மா பேர் இதுல இல்லாம நடக்கட்டும்."

"எல்லாம் உங்கம்மா மேல இருக்கிற மரியாதையிலதானே…" குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் பாக்குறாங்க."

"மரியாதை இருந்தா வியாழக்கிழமை வகுப்பைத் திறங்க. இந்தப் பலகையை நானே கொண்டுவந்து மாட்டித் தரேன். லிஃப்டையும் ஓட வெச்சுத் தரேன். அதுவரைக்கும் இது என் வீட்டுல இருக்கும்."

நான்காவது திருகாணி கொஞ்சம் முரண்டு பிடித்தது. பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் மைக்கில் யாரோ தொண்டையைச் செருமி, குடும்பத்தாரின் துயரம் புரிகிறது என்றார். எனக்கு இருப்பது துயரம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. ஒரு நேரத்தில் ஒன்றுதானே.

கீழே படிக்கட்டுக்கு அடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். டிரைவர் வெள்ளைச் சட்டை, அக்கா புது ரவிக்கை. அவர்கள் முகத்துக்கு நேரே ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றார் டிரைவர். பிறகு என் கையில் இருப்பதைப் பார்த்தார். "பிடுங்கிட்டு வந்துட்டியா? அடிப்பாவி!" குரலில் அத்தனை சந்தோஷம். பலகையை வாங்கி மடியில் வைத்து, வேலை செய்கிற கையால் துடைத்தார்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. முதல்வர் என்று நினைத்தேன். வார்டில் பார்த்த அந்த மாணவி. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், திரும்பித் திரும்பி மேலே பார்த்தபடி.

"அக்கா, இன்னைக்கு வியாழக்கிழமை" என்றாள் என்னிடம்.

எனக்குத் தெரியும். கல்லூரிக்குத் தெரிந்திருக்காது.

அவள் டிரைவரின் முன்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்து மற்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஏதோ கேட்டாள். ஒலிபெருக்கியில் ஒருவர், நோயாளியை முழு மனிதராகப் பார்க்கும் கல்வி பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். அவள் கேட்டது யார் காதிலும் விழவில்லை.

தையற்கார அக்கா இரும்புச் சட்டம் கிணுகிணுக்க எழுந்தார். சுவரோரம் போனார். ஊன்றுகோலின் நுனியை ஒலிபெருக்கியின் ஒயரில் மாட்டி ஓர் இழுப்பு. பேச்சு பாதியில் அறுந்தது.

"எனக்கிருக்கிறது ஒரு காது. அதையும் அடைச்சா எப்படி?" என்றார். பிறகு அந்தக் காதை மாணவியின் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். "இப்போ கேளு கண்ணு."